கூப்பாட்டுக்காரரின் கட்டைவிரல்

மனிதர்களில் கூப்பாட்டுக்காரர் என்றோர் இனம் உண்டு. வாசகரே, இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. இவர் காலில் ஒரு கல் தடுக்கினால் போதும், அவரே உங்களைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கூப்பாடு என்றதும் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு இனம், அதனால் பெரிய ஆபத்தில்லை. நம்மவர் குரலை உயர்த்தவே மாட்டார். கைக்குழந்தையைத் தூங்கவைக்கிறவர் போல மெல்ல, "சொல்ல வேணாம்னுதான் பாத்தேன்" என்று ஆரம்பிப்பார். தனக்கு நேர்ந்ததைச் சொல்வார். நேராமல் தப்பியதைச் சொல்வார். நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் போல விலாவாரியாகச் சொல்வார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "அதுக்காக ஒங்கள ஒடனே கெளம்பி வரச் சொல்லல" என்று முடிப்பார். நீங்கள் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அவ்வளவுதான் வித்தை.

இராமநாதபுரம் கரையில் இந்த இனம் உப்புக் காற்றைக் குடித்துச் செழிப்பாக வளர்கிறது. நன்றாக விளைந்த ஒன்று தேவிபட்டினத்தில் இருக்கிறது. பெயர் அப்துல் அஜீஸ். சவூதியின் தம்மாமில் பல வருஷம் கார் உதிரி பாகம் விற்றுவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தவர். உடம்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நோயும் கிடையாது, அதுதான் அவருக்கு இருந்த ஒரே குறை. இருந்தாலும் மனம் தளராமல், இருப்பதை வைத்துச் சமாளித்தார். ஏப்பம் வராவிட்டால் தம்பிக்குப் போன், வந்துவிட்டால் மச்சானுக்குப் போன். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்குப் பதிலாக அவருடைய ரத்த அழுத்தம்தான் வரும்.

அவர் போட்ட கூப்பாட்டுக்கெல்லாம் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியே பாதி ஆயுளை அடுப்படியில் கழித்தவள் அவர் மனைவி தாஜுன்னிசா. இந்தக் கரையில் நோய் விசாரிக்கப் போவது சும்மா மரியாதை இல்லை, கடமை. போகாமல் இருந்து பாருங்கள், அடுத்த கல்யாணத்தில் நாலு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் உங்கள் பக்கமாக எலும்புதான் வந்து ஒதுங்கும். ஆகவே கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நடுவில் கிடந்து வேகிறவளைப் பற்றி மார்க்கத்தில் தனியாக ஏதும் சொல்லியிருக்கிறதா என்று தாஜுன்னிசாவுக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

போனால் போகிறது என்று அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த முறை அவளுக்கு வயிற்றில் நெருப்பு ஒன்று இருந்தது. ஒரே மகன் இஃப்திகார். அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டதில் இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தான். தெருவில் போனால் "என்ன தம்பி, எப்பப் பயணம்?" என்று கேட்பார்கள் என்றே பகலில் வெளியே வராமல் இருந்தவன். இப்போதுதான் சார்ஜாவில் மீன் பதப்படுத்துகிற ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் லீவு என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும். எழுதியே வாங்கியிருந்தார்கள். பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. மிச்சமும் ஒரு குறையில்லாமல் கழிய வேண்டும் என்பதுதான் ஐந்து வேளையும் தாஜுன்னிசாவின் துஆ.

இந்த நேரம் பார்த்துத்தான் அப்துல் அஜீஸ் மீன் வாங்கப் போனார்.

அவர் மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். செவுளைத் தூக்கி, கண்ணை நோண்டி, வயிற்றை அமுக்கி, ஒவ்வொரு மீனையும் ஒரு டாக்டரைப் போலச் சோதித்துவிட்டு, கடைசியில் எதையும் வாங்காமல் நகர்வார். அன்றைக்குக் கூடையில் கெளுத்தி கிடந்தது. மீன் விற்கிற முத்தழகு எச்சரித்தாள்.

"அண்ணே, கெளுத்தியில கைய வைக்காதீக. முள்ளு ஏறிரும்."

"தம்மாம்ல சுறாவையே தொட்டுப் பாத்தவன் நானு" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். ஏறிவிட்டது. வலது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, நல்ல ஆழமாக.

கதையை இங்கே நிறுத்திவிட்டு, வாசகரே, கொஞ்சம் கட்டைவிரலுக்குள் போய்வருவோம். அங்கே இவரைவிடப் பெரிய கூப்பாட்டுக்காரர் ஒருவர் குடியிருக்கிறார்.

முள் ஏறிய இடத்தில் கொஞ்சம் செல்கள் உடைந்து உள்ளே இருந்த சரக்கையெல்லாம் வெளியே கொட்டின. ஒரு வீட்டுச் சாமான் தெருவில் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மேக்ரோபேஜ் என்று பெயர். தோலுக்கு அடியில் வேலை வெட்டி இல்லாமல் காவல் காக்கிற செல். கிருமியைக் கண்டால் விழுங்குவதுதான் அதன் உத்தியோகம். விழுங்கும், ஆனால் விழுங்கிக்கொண்டே ஊரைக் கூட்டும். வாய் இல்லாததால் ரசாயனத்தைக் கக்கிக் கூட்டும். அதில் ஒரு வகை சைட்டோகைன். 'ஆபத்து, ஆபத்து' என்று பொதுவாகப் பரப்புகிற சேதி அது. இன்னொரு வகை கீமோகைன். 'இந்தத் தெரு, இந்த வீடு, நேரே உள்ளே வாருங்கள்' என்று வழி சொல்கிற சேதி. பக்கத்திலேயே ஹிஸ்டமின் மூட்டையோடு மாஸ்ட் செல் என்று இன்னொன்று காத்திருக்கும். என்ன, ஏது என்று விசாரிக்கிற வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடும். அது பட்டவுடன் சின்ன ரத்தக் குழாய்கள் விரியும், சுவர் நெகிழும், நீர் கசியும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் வந்து சேரும். பெரும்பாலும் நம்மைப் படுத்துகிறது முள் இல்லை, முள் குத்திவிட்டது என்ற செய்தி.

வெளியேயும் அதுதான் நடந்தது. வலது கட்டைவிரல் போனதால் எழுத முடியவில்லை; இடது கட்டைவிரலால் அழுத்திக் குரல்பதிவு அனுப்பினார். கூடவே விரலின் படம். எவ்வளவு பக்கத்தில் வைத்து எடுத்தார் என்றால், அது யாருடைய எந்த உறுப்பு என்று ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள். "சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். முள்ளு எலும்பு வரைக்கும் போயிருச்சு. கெளுத்தி வெஷம் நெஞ்சுக்கு ஏறுனா அம்புட்டுதான்னு சொல்றாக. யாரு சொன்னாகன்னு கேக்காதீக. எல்லாரும் துஆ செய்யுங்க. அதுக்காக ஒங்கள ஒடனே கெளம்பி வரச் சொல்லல."

சுகாதார நிலையத்தில் நர்ஸ் துர்காதேவி விரலைத் திருப்பிப் பார்த்து, முள் துணுக்கை எடுத்து, தாங்குகிற சூட்டில் வெந்நீரில் விரலை வைக்கச் சொல்லி, ஓர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்.

"சுத்தமா வச்சுக்கங்க. ரெண்டு மூணு நாள்ல வத்திரும். வேற எதையும் போட்டு அமுக்காதீங்க."

"அம்புட்டுதானாம்மா?" என்றார் அப்துல் அஜீஸ். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி இல்லை என்பதைத் தாஜுன்னிசா கவனித்தாள்.

வீடு திரும்புவதற்குள் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. தாஜுன்னிசாவின் தம்பி ஜாபர் சாதிக், அக்காளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, பந்தல் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் வரிசையாகப் போட்டுவிட்டான். வெயில் அடிக்கிறதே என்று மேலே ஒரு துணியையும் இழுத்துக் கட்டினான்.

"ஏலே ஜாபரு, இது எதுக்குலே?"

"வாரவுக நிக்கணுமாக்கா?"

இந்த நாற்காலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விரலுக்குள்ளும் இதே கதைதான். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் நியூட்ரோஃபில் என்பவை கூப்பிட்ட குரலுக்கு முதலில் ஓடிவருகிற சாதி. ஆனால் ரத்தத்தின் வேகம் அப்படி. கூப்பாடு காதில் விழுந்தாலும் நிற்க முடியாது. ஓடுகிற பேருந்தின் ஜன்னலிலிருந்து கல்யாண வீட்டைப் பார்ப்பது மாதிரி கடந்துவிடும். அதனால் சைட்டோகைன் பட்டதும் ரத்தக் குழாயின் உட்சுவர் ஒரு வேலை செய்கிறது. செலக்டின் என்கிற சின்னச் சின்னக் கொக்கிகளை உள்பக்கமாக நீட்டுகிறது. ஓடுகிற நியூட்ரோஃபில் அதில் இடறும், வேகம் குறையும், சுவரோடு ஒட்டி உருளும். உருளும்போது அங்கே தடவி வைத்திருக்கும் கீமோகைன் அதற்குத் தட்டுப்படும். 'அட, இந்த வீடுதானா' என்று தன் பக்கமிருந்து இறுக்கிப் பிடித்து நின்றுவிடும். பிறகு உடம்பைத் தட்டையாக்கி, சுவரின் இடுக்கில் நுழைந்து, வாசனை எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கமாக நடக்கும். கூப்பாடு ஒரு பங்குதான். நாற்காலி போட்டால்தான் கூட்டம்.

தாஜுன்னிசாவின் வாசலிலும் உருள ஆரம்பித்தார்கள். சைக்கிளில் போனவர் ஒரு காலை ஊன்றினார், ஊன்றியவர் இறங்கினார், இறங்கியவர் உட்கார்ந்தார். கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலுக்கு வந்த திருப்பூர்க்காரர்கள் ஒரு குடும்பமாகப் பந்தலைப் பார்த்து நின்று, "என்னங்க விசேஷம்?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் உட்கார்ந்து, தேநீர் குடித்து, விரலையும் பார்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது பெரியவர் ஒரு நெல்லிக்காயைக் கொடுத்து ஆசீர்வாதம் வேறு செய்தார். அப்துல் அஜீஸ் பந்தலுக்கு நடுவில் சாய்வு நாற்காலியில், கட்டைவிரலைத் தலையணை மேல் வைத்து, உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவர் முகம் இவ்வளவு களையாக இருந்ததில்லை.

வந்தவர்கள் சும்மா வந்தார்களா? ஒருவர் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துவந்தார். ஒருவர் ஓதிய தண்ணீர். திருவாடானையிலிருந்து பழைய சிநேகிதர் மருதுபாண்டி, வயலில் களை எடுப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, ஏதோ இலையை அரைத்து டப்பாவில் எடுத்துவந்தார்.

"நர்ஸு எதையும் போடக் கூடாதுன்னு சொன்னாகண்ணே" என்றாள் தாஜுன்னிசா.

"நர்ஸுக்கு என்னம்மா தெரியும், கெளுத்தியப் பத்தி?"

"ஒங்களுக்குத் தெரியுமாண்ணே? ஒங்க ஊர்ல கடலே இல்லையே."

"எங்க மாட்டுக்குப் போட்டது. ஒரே நாள்ல எந்திரிச்சு நின்னுச்சு" என்று சொல்லி மருதுபாண்டி அப்பிவிட்டார்.

விரல் பனங்கிழங்காக வீங்கியது. இதுவும் உள்ளே நடக்கிறதுதான். உதவிக்கு வந்த நியூட்ரோஃபில் கையில் உள்ள மருந்தையெல்லாம் வீசும். கிருமி சாகும், பக்கத்தில் சிவனே என்று கிடக்கிற நல்ல சதையும் சேர்ந்து வேகும். அதோடு விடுமா? வந்தது தானும் ஒரு கூப்பாடு போடும், பின்னால் வருகிறவை விரைந்து வர. அவை வந்து வேறு சிலதைக் கூப்பிடும். கடைசியில் வந்ததில் பெரும்பகுதி அங்கேயே செத்து விழும். அதைத்தான் நாம் சீழ் என்று சொல்லி முகத்தைச் சுளிக்கிறோம். நம்மைக் காப்பாற்ற வந்தவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. தாஜுன்னிசா பால் பாத்திரத்தை மூன்றாவது தடவை அடுப்பில் ஏற்றியபோது அவள் மனசிலும் வந்தவர்களுக்கு ஏறக்குறைய அதே பெயர்தான் இருந்தது.

மகனும் கேட்டிருந்தான். முதல் குரல்பதிவு போன அன்றே சார்ஜாவிலிருந்து போன் வந்துவிட்டது.

"அத்தா, நான் வரவா?"

"ஒன்ன வரச் சொல்லலப்பா" என்று அவர் பெருமூச்சு விட்டதில் போனே ஈரமானது. தாஜுன்னிசா பிடுங்கிப் பேசினாள்.

"வந்தேன்னு வையி, கால ஒடிச்சுருவேன். முள்ளுதான் குத்துனுச்சு. அத்தா சத்தத்தக் கேட்டியல்ல? அந்தச் சத்தம் வர வரைக்கும் அவுகளுக்கு ஒண்ணும் இல்ல."

அது அவனுக்கும் சரியாகப்பட்டது. அத்தா முனகுகிறார் என்றால் அத்தா சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். தினமும் கிடங்கில் இடைவேளை விடும்போது அந்த முனகலை ஒரு தடவை கேட்டுவிட்டு நிம்மதியாகப் போய் மீன் பெட்டி அடுக்கினான்.

இப்போது கட்டைவிரலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கூப்பிடத் தெரிந்த அந்தச் செல்லுக்கு நிறுத்தவும் தெரியும். கிருமி ஒழிந்ததும், செத்துக் கிடக்கிற நியூட்ரோஃபில்களை மேக்ரோபேஜ் ஒவ்வொன்றாக விழுங்கித் துப்புரவு செய்கிறது. விழுங்க விழுங்க அதன் குணமே மாறுகிறது. ஆபத்துச் சேதியைச் சுருக்கிக்கொண்டு, 'போதும், இனி யாரும் வர வேண்டாம், காயம் ஆறட்டும்' என்று வேறு சேதி விடுகிறது. ஆச்சரியம் என்னவென்றால், அதை மற்ற செல்கள் நம்புகின்றன. வராமல் நின்றுவிடுகின்றன. மருதுபாண்டியின் இலையையும் மீறி அப்துல் அஜீஸின் விரல் வற்றத் தொடங்கியது இப்படித்தான்.

விரலுக்குத் தெரிந்தது விரலின் சொந்தக்காரருக்குத் தெரியவில்லை. வீக்கம் குறைகிறது என்றதும் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பந்தலில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்ததை அவர் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இடது கட்டைவிரலால் போனை அழுத்தி மெல்லப் பேச ஆரம்பித்தார். "வெளிய வத்துன மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு ரப்புக்குத்தான் தெரியும். எம் மகன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டா..."

அடுப்படியில் இருந்த தாஜுன்னிசாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவள் ஓடிவந்து பார்க்கும்போது மாத்திரை மயக்கத்தில் பாதிப் பேச்சிலேயே தூங்கிவிட்டிருந்தார். சேதி இன்னும் போகவில்லை. அவள் அதை அழித்தாள். போனை அணைத்தாள். கொண்டுபோய் அரிசி வாளிக்குள் புதைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினாள்.

"அவுகளுக்கு நல்லாயிருச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. ஏலே ஜாபரு, நாற்காலியத் தூக்கு."

பல வருஷமாகச் செய்ய நினைத்த காரியம். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா அவளுக்கு. தெரு காலியானது. வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டது. தனக்கென்று ஒரு தேநீர் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தபோது சார்ஜாவிலிருந்து போன் வந்தது.

"அம்மா, அத்தா எங்க? இன்னிக்கு ஒண்ணுமே அனுப்பல. போனு ஆஃப்ல கெடக்கு."

"அத்தா நல்லா இருக்காகப்பா. ஒரு கொறையும் இல்ல."

"குடுங்க, ஒரு வார்த்த பேசிக்கிறேன்."

"தூங்குறாக."

"இந்நேரத்துக்கா?"

"நல்ல தூக்கம். எழுப்ப வேணாம். நீ பதறாத. வேலையப் பாரு, வரணும்னு இல்ல."

"வீட்ல யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்ல. வந்தவுக எல்லாரும் போய்ட்டாக."

வாசகர் கரையூர்க்காரராக இருந்தால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவில் பிள்ளை இருக்கிற வீடுகளில் மௌத்தை, அதாவது சாவை, மௌத் என்று சொல்வதில்லை. தூர தேசத்தில் தனியாக இருக்கிறவன் இடிந்துபோவானே என்று, 'நல்லா இருக்காக' என்பார்கள். 'தூங்குறாக' என்பார்கள். 'பதறாதே' என்பார்கள். அப்துல் அஜீஸின் தகப்பனார் போனபோது தம்மாமுக்குப் பேசிய தாஜுன்னிசாவே இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்று கேட்டவன் இஃப்திகார். இந்தக் கரையில் ஒருவன் உண்மையிலேயே நன்றாக இருந்து உண்மையிலேயே தூங்கினால் அதைப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிகிறது என்கிறார்களே, அது அந்த ஒரு நிமிஷத்தில் நடந்து முடிந்துவிட்டது. அவளுக்கோ தேநீர் ஆறுகிறது என்பதுதான் அப்போதைய கவலை.

அவன் மாமனுக்குப் போன் போட்டான். ஜாபர் சாதிக் அப்போது சின்ன யானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா சத்தம்?"

"நாற்காலி மாப்ள. பந்தலும் பிரிச்சாச்சு."

"பந்தலா?"

"வந்தவுகளுக்கு நெழலு வேணும்ல. இனி எதுக்கு? எல்லாம் முடிஞ்சுருச்சு. நீ அம்மாவப் பத்திக் கவலப்படாத, நான் பாத்துக்கிறேன்."

மேற்பார்வையாளர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் இஃப்திகார் வேலையை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட்டான். லீவு கேட்டால் எப்படியும் போகப் போகிற வேலை. போய் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கும்போது லீவைக் கேட்டு நிற்பானேன்?

இங்கே அப்துல் அஜீஸ் எழுந்து, அரிசி வாளி தவிர மற்ற எல்லா இடத்திலும் போனைத் தேடிச் சலித்தார். மறுநாள் மதுரையில் இறங்கிக் கார் பிடித்து வந்த மகன் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டான். வீடு அமைதியாக இருந்தது. ஆள் இல்லை, பந்தல் இல்லை. அடக்கமும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று வாசற்படியில் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, வளர்ந்த பிள்ளை விசும்பி விசும்பி அழுதான். தாஜுன்னிசா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். யார் செத்துப்போனார்கள் என்று அவளும் பதறிப் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தயாரானாள்.

அப்போது அப்துல் அஜீஸ் கையில் மீன் பையோடு தெருவில் நடந்து வந்தார்.

மகன் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் தகப்பனாரின் தோளைப் பிடித்துப் பார்த்தான். பிறகு கட்டிக்கொண்டான். அப்துல் அஜீஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"அத்தா வெரலப் பாக்கவா ஓடியாந்த? பாத்தியா தாஜு, நான் கூப்டவே இல்ல. எத்தன நாளு லீவுப்பா?"

"லீவு இல்லத்தா. வேலைய விட்டுட்டேன்."

மீன் பை கீழே விழுந்தது. அவர் மகனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். யார் என்ன சொன்னது, யார் என்ன கேட்டது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தாஜுன்னிசா சுவரோடு ஒட்டி நின்றாள். அத்தனை வருஷம் அவர் விட்ட பெருமூச்சுகளில் ஒன்றுகூட மகனைக் கடல் தாண்டி இழுத்துவரவில்லை. அவள் மனசாரச் சொன்ன ஒரே உண்மை இழுத்துவந்துவிட்டது.

இனி என்ன நடக்கும்? அப்துல் அஜீஸ் மறுபடி போனைத் தேடுவார், இப்படியொரு சேதி அவருக்குக் கிடைக்குமா என்றுதானே நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் தேடவில்லை. தொப்பென்று உட்கார்ந்து, "யாருக்கும் சொல்லாத தாஜு" என்றார். நிஜமான வலி வந்தபோது அவருக்குக் குரலே இல்லை.

தாஜுன்னிசாவால் முடியவில்லை. அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காளுக்குப் போன் போட்டாள். அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை. அது போதுமானதாக இருந்தது. அக்காள் வந்தாள். அக்காளின் பின்னால் அக்காளின் மருமகள் வந்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஒருத்தி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒருத்தி மீனைக் கழுவிக் குழம்பு வைத்தாள். ஒருத்தி, தன் கொழுந்தன் இருக்கிற துபாய்க் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்பாளோ மாட்டாளோ, சொன்னாள். அடுப்பில் தேநீர் கொதித்தது. போட்டவர் அப்துல் அஜீஸ். சர்க்கரை தூக்கலாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

ஆயிரத்தில் இல்லை, பத்து லட்சத்தில் ஒரு குழந்தை ஒரு குறையோடு பிறக்கும். அதன் வெள்ளை அணுக்களுக்கு ரத்தக் குழாயின் சுவரைப் பிடித்து நிற்கத் தெரியாது. காயம் கூப்பிடும், அணுக்கள் ரத்தத்தில் நிறைய இருக்கும், ஒன்றும் வந்து சேராது. சின்னக் கீறல்கூட அந்தக் குழந்தைக்கு ஆறாது. சீழும் பிடிக்காது. ஆகவே கூப்பிடுவதை நான் குறை சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். கூப்பிட்டால் வர ஆள் இருப்பது பெரிய காரியம். போதும் என்று சொன்னால் நம்ப ஆள் இருப்பது அதைவிடப் பெரிய காரியம். அந்த நம்பிக்கையை ஒருவர் முன்கூட்டியே, சின்னச் சின்ன நல்ல சேதிகளாகச் சொல்லிச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அப்துல் அஜீஸ் வீட்டில் அப்படி ஒன்று சேர்ந்திருக்கவில்லை.

விரல் ஆறிவிட்டது என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மாரியூரில் அவருடைய மாமி ஒருத்தி, அந்த விரலுக்காக நேர்ந்துகொண்டு, திங்களும் வியாழனும் நோன்பு பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தலைவலி வந்தால் அதிகம் போனால் நாலு பேரிடம் சொல்வீர்கள். அதுகூட அவர்களாகக் கேட்டதால். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. போன மாதம் வந்த அந்தத் தலைவலி போய்விட்டது என்பதை அந்த நாலு பேரில் யாரிடம் சொன்னீர்கள்?